அமத்தவா, அமுத்தவா

எங்கள் வீட்டில் எந்நேரமும் ஒரு சத்தம் உண்டு. டுக், புஸ்ஸ். டுக், புஸ்ஸ். என் மனைவிக்காக மகன் போர்ட் பிளேரிலிருந்து வாங்கி அனுப்பிய ஆக்சிஜன் மெஷினின் சத்தம் அது. வெளிக்காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவள் மூக்குக்குக் கொடுக்கும். நுரையீரல் சுருங்கிப்போன வியாதி அவளுக்கு. மெஷினுக்கு மூச்சுப்பெட்டி என்று பேர் வைத்தவள் அவள்தான். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று காலை நான் கொல்லையில் டிங்கிப் படகின் எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தேன். புஸ்ஸ் வந்தது. அடுத்த டுக் வரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பொட்டல்காட்டிலிருந்து மீசை முளைக்கும் முன்னே கப்பலேறி இந்தத் தீவுகளுக்கு வந்தவன் நான். போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பலில் வந்த சிமெண்டு மூட்டையை முதுகில் இறக்கினேன். பிறகு இந்த லாங் ஐலண்டுக்கு வந்து மரம் இழுத்தேன், படகு அணையும் ஜெட்டிக்குக் கல் போட்டேன், ஆள் வைத்துக் கல் போட வைத்தேன். இன்றைக்கு இரண்டு டிங்கி, பாக்குத் தோட்டம், சிமெண்டுக் கூரை போட்ட வீடு. படிப்பு மூன்றாம் வகுப்பு. இதைக்கூட நானேதான் எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மகன் திருத்துவான், விஷயத்தைத் திருத்த விடமாட்டேன். இந்தத் தீவில் என் கை படாத எஞ்சின் கிடையாது. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை ஓடுகிற எஞ்சினில் வைத்தால், உள்ளே எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவேன்.

அப்பேர்ப்பட்டவன் அன்று கொல்லையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் செருப்பு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

உள்ளே மூச்சுப்பெட்டி சிவப்பு விளக்கை எரியவிட்டுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கத்தலும் நின்று, விளக்கும் அணைந்துவிட்டது. மனைவி ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டி செத்துப்போச்சுங்க," என்றாள்.

"நீ பேசாத."

"பேசாம இருந்தா நானும் செத்துப்போனேன்னு நினைப்பீங்க."

கரண்ட் போகும் நேரத்துக்கென்று மூலையில் ஒரு சிறிய சிலிண்டர் வைத்திருந்தோம். சாவியால் அதைத் திறந்து, குழாயை மாற்றி அவள் மூக்கில் செருகினேன். பிறகுதான் மீட்டரின் முள்ளைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால் சிலிண்டரைப் பாதிக்கு மேல் தின்றிருந்தோம். முள் சிவப்புக் கோட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது.

தீவு ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு சிலிண்டர் முந்தைய நாள் ஒரு நோயாளியோடு படகில் போயிருந்தது. அந்தப் படகு திரும்பவில்லை. கடல் கொந்தளிப்பு என்று எல்லாப் படகையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரியும். ஹெலிகாப்டர் பற்றி நினைப்பதே வீண்.

ஆக இருந்தது இரண்டே வழி. முள் விழுவதற்குள் மெஷின் ஓட வேண்டும். இல்லையென்றால், அந்த இரண்டாவதை இப்போதும் எழுத மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரர், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடுகிறவர், சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். "க்யா ஹுவா பாய்?" என்று இந்தியில் விசாரித்தவர் சிலிண்டரைப் பார்த்ததும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மே ஜெட்டி தேக்கே ஆத்தா," என்று குடையில்லாமலே மழையில் இறங்கி ஜெட்டிப் பக்கம் ஓடினார், ஏதாவது படகு கிளம்புகிறதா என்று பார்க்க.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தேன். மகனுக்குப் போன் போட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, கழட்டிட்டீங்களா?"

"இல்ல. இனிமேதான்."

"தொடாதீங்க. மெஷின் மேல கம்பெனி நம்பர் ஒட்டியிருக்கு, அதுக்கு அடிங்க. வீடியோவுல பாத்துச் சொல்லுவாங்க. உங்க டிங்கி எஞ்சின் இல்லப்பா அது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மனைவி அந்த நம்பரைத் தன் போனில் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தது ஒரு பெண். கோயம்புத்தூர்ப் பேச்சு. பத்து வார்த்தைக்கு எட்டு வார்த்தையில் 'ங்க' இருந்தது. மெஷின் இன்ஜினியர் என்றாள். குரலைக் கேட்டால் என் மகனைவிடச் சின்னவள்.

"சொல்லுங்கய்யா, என்ன ஆச்சுங்க?"

"ஓடிட்டிருந்துச்சு, நின்னுட்டு. கத்துச்சு. இப்ப கத்தவும் இல்ல."

"சரிங்க, வீடியோவுல வாங்க, பாத்தர்லாம்."

"பாக்க என்னம்மா இருக்கு? நான் சொல்லுதேன், நீ கேளு. பொறந்ததுலருந்து எஞ்சின் பாக்கேன்."

"நீங்க பாக்கறீங்கய்யா. நான் பாக்கலீங்களே."

மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. நானே வீடியோவைப் போட்டேன்.

கடலுக்கடியில் மெயின்லேண்டிலிருந்து இன்டர்நெட் கேபிள் போட்டபோது எங்கள் தீவிலும் அது கரையேறியது. அதை ஜெட்டியில் நின்று பார்த்தவன் நான். 'இது வந்து நமக்கென்ன, சினிமா பார்க்கலாம்' என்று அன்று சொன்னேன். மெஷின் நின்ற அந்தக் காலையில் அதே கேபிள் வழியாக ஒரு முகம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கண்ணாடி போட்ட முகம், காதில் மாட்டிய மைக், பின்னால் எங்கள் பெட்டியைப் போலவே வரிசையாகப் பெட்டிகள்.

யார் போனைப் பிடிப்பது என்று ஒரு கேள்வி வந்தது. "ஒங்களுக்கு ரெண்டு கையும் வேணும். நான் பிடிக்கேன்," என்றாள் மனைவி. மூக்கில் குழாயோடு, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, போனை மெஷினை நோக்கி நீட்டினாள். யாருக்காக மெஷினோ, அவளே கேமரா பிடித்தாள்.

"பிளக்கைப் புடுங்கிட்டீங்களாய்யா? சரிங்க. அம்மா, போன கொஞ்சம் பின்பக்கமா காட்டுங்க. இன்னும் கீழ. நிறுத்துங்க, நிறுத்துங்க. அதென்னங்க மண்ணு மாதிரி?"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது எங்களுக்குப் புதிதில்லை. பின்பக்கக் காற்றுத் துவாரங்களின் மேல், ஒரு கைப்பிடி மண்ணைக் குழைத்து அப்பியதுபோல ஒட்டியிருந்தது.

"குளவிக்கூடு தாயி," என்றாள் மனைவி.

"குளவிக்கூடா? மெஷின் மேலயா? ஏனுங்க எடுக்கல?"

"மருமக மாசமா இருக்கால்லா. கலைக்கலாமா?"

மகன் வீட்டுக்கு நாங்கள் போய்த் தங்கியிருந்தபோதுதான் மருமகளுக்கு நாள் தள்ளிப்போன சேதி கிடைத்தது. அங்கே என் மனைவிக்கு மகன் வேறு மெஷின் வாடகைக்கு எடுத்திருந்தான். திரும்பி வந்து பார்த்தால், இங்கே சும்மா கிடந்த மெஷினில் குளவி மண் அப்பியிருந்தது. குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும், அதைக் கலைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மனைவி அதைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் தினம் அதைப் பார்த்தேன். பேரனாக இருக்கும் என்று பார்த்தேனே தவிர, காற்றுப் போகிற வழியில் இருக்கிறதே என்று பார்க்கவில்லை. டிங்கி எஞ்சினில் ஒரு துளி மண் இருந்தால் வேலைப் பையன்களைத் திட்டித் தீர்க்கிறவன் நான். இந்தக் கூட்டை மட்டும் மெஷினோடு சேர்த்து நான் பார்க்கவே இல்லை. எங்கிருந்தோ பார்த்த அந்தப் பெண்ணின் கண்ணில்தான் பட்டது.

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லுவாங்க," என்றாள் அவள். "ஆனா அது வழியாத்தானுங்க மெஷினுக்குக் காத்து. சூடேறி தன்னால நின்னிருக்குது. எடுத்தர்லாங்கம்மா."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனை மட்டும் திருப்பவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். பாதிக் கூடு பெயர்ந்து வந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு புழு, அதைச் சுற்றி அது தின்பதற்காகக் குளவி அடுக்கி வைத்த சிலந்திகள். மீதிப் பாதி துவாரம் வழியாக மெஷினுக்குள் உதிர்ந்தது.

"மன்னிச்சுக்கிடு," என்று மனைவி முணுமுணுத்தது புழுவிடமா, மருமகளிடமா, தெரியவில்லை.

பின்மூடியைக் கழற்றச் சொன்னாள் அந்தப் பெண். எந்தத் திருகு முதலில், எது அப்புறம் என்று அவள் சொல்லச் சொல்லக் கழற்றினேன். உள்ளே விசிறியின் இறக்கைக்கு நடுவே பழைய மண் கட்டியாகச் சிக்கியிருந்தது. துவாரம் அடைத்தது மட்டுமல்ல, விசிறியும் சுற்றாமல் நின்றிருக்கிறது. மனைவியின் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தேன். "வயரத் தொட்றாதீங்க. அந்த வெள்ள டியூப்ப இழுத்தர்றாதீங்க," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வாழ்நாளில் ஒரு எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து இவ்வளவு 'சரிம்மா' நான் சொன்னதில்லை.

திடீரென்று, "படம் ரொம்ப ஆடுதுங்களே," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, அம்மா கையா ஆடுது?"

திரும்பிப் பார்த்தேன். மனைவியின் முழங்கை தொடையில் ஊன்றியிருந்தது. அப்படியும் மணிக்கட்டு நடுங்கியது.

"போன நீங்க வாங்கி அம்மாவோட விரல காட்டுங்க. நகம் தெரியற மாதிரி."

காட்டினேன். நகத்தடியில் ஈரமான சாம்பல் நிறம். "சிலிண்டர் முள்ளு காட்டுங்க," என்றாள் அந்தப் பெண். காட்டினேன். பிறகு, "கொஞ்சம் சீக்கிரமா பண்ணலாங்கய்யா," என்றாள். அதுவரை ஒரே சீராக இருந்த அந்தக் குரலில் 'சீக்கிரம்' என்ற சொல் வந்ததும் என் விரல்கள் திருகைத் தவறவிட்டன. அது கட்டிலுக்கு அடியில் உருண்டது. தரையில் படுத்துத் தடவினேன்.

அந்த நேரம் பார்த்துப் படமும் உறைந்தது. வாய் பாதி திறந்தபடி அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. "எம்மா? எம்மா, கேக்கா?" என்று போனிடம் கெஞ்சினேன். இந்தத் தீவில் யாரிடமும் நான் கெஞ்சியதில்லை. மனைவி என் தோளைத் தொட்டு, "பொறுங்க, வருவா," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

வந்தாள். திருகும் கிடைத்தது. போனை மறுபடி மனைவியிடம் கொடுத்துவிட்டு மூடியைப் பூட்டினேன். பிளக்கைச் செருகி, சுவர் சுவிட்சைப் போட்டேன். மெஷினின் முன்பக்க சுவிட்சையும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"பயப்படாதீங்க, சூட்டுல உள்ள டிரிப் ஆகியிருக்குது. பின்னாடி அடியில குட்டியா ஒரு கருப்பு பட்டன் துருத்திட்டு இருக்கும் பாருங்க. அத அமுத்துங்க."

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்துக் குப்புறப் படுத்திருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். அந்தக் குரல் 'அமத்துங்க' என்றுதான் என் காதில் விழுந்தது. எங்கள் பக்கம் விளக்கை அணைப்பதற்கும் ஓடுகிற எஞ்சினை நிறுத்துவதற்கும் அமத்துவது என்று பேர். எங்கள் அம்மா பேசிய பேச்சு அது.

"ஓடவே இல்ல, என்னத்தம்மா அமத்த?"

"ஓடறதுக்குத்தானுங்க அமுத்தச் சொல்றேன்."

படித்தவள் சொன்னால் காரணம் இருக்கும், ஒருமுறை அணைத்துப் போடச் சொல்கிறாள் என்று நினைத்துக் கையை நீட்டிச் சுவர் சுவிட்சை அணைத்தேன்.

"அமத்தியாச்சு."

"அமுத்தீட்டீங்களா? லைட் வருதுங்களா?"

"அமத்துனா எப்படிம்மா லைட் வரும்?"

"வரணுங்களே. நல்லா அமுத்துங்கய்யா, விடாம அமுத்திப் புடிங்க."

"அமத்துனத மறுபடி எப்படி அமத்த? நீ என்ன சொல்லுதன்னே புரியலியே!"

நான் கத்தியிருக்க வேண்டும். பிறகு அவள் யாரிடமோ பேசுவது தூரத்தில் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அமுத்தியும் வரலைன்னா போர்டு போயிருச்சுங்கய்யா. அத மாத்தத்தானுங்க வேணும். இங்கிருந்து அனுப்பணும்."

இங்கிருந்து என்றால் மெயின்லேண்டிலிருந்து. கப்பலிலோ பிளேனிலோ போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து ஓடாத படகில் எங்கள் தீவுக்கு. அப்போது பார்த்து தாதா சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். "கோயி போட் நஹி ஜாயேகா," என்றார், எந்தப் படகும் போகாதாம். சுவரோரத்தில் கிடந்தபடி நான் சிலிண்டர் முள்ளைப் பார்த்தேன். அது சிவப்புக்குள் போயிருந்தது. கல் தூக்கியது, மரம் இழுத்தது, இரண்டு டிங்கி, எல்லாம் எனக்கு எதற்கு என்று தோன்றியது.

"தபாவ்."

மனைவியின் குரல். குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, காற்றுதான்.

"என்னட்டி?"

"தபாவ்," என்றாள் மறுபடி. மூச்சு வாங்கினாள். "அமத்த இல்ல. தபாவ்."

போன் அவள் கையில்தானே இருந்தது. நான் குரலைத்தான் கேட்டேன், அவள் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் 'அமுத்துங்க, அமுத்துங்க' என்று சொல்லும்போதெல்லாம் தன் கட்டைவிரலைக் காற்றில் அழுத்தி அழுத்திக் காட்டியிருக்கிறாள். முழு வாக்கியம் பேச மனைவிக்கு மூச்சு இல்லை. இருந்த ஒரு மூச்சில், இரண்டு அர்த்தத்துக்கு இடமில்லாத ஒரு சொல்லைத் தேடி எடுத்தாள். தபாவ் என்றால் இந்தத் தீவுகளில் பெங்காலிக்கும் தெலுங்கனுக்கும் மலையாளிக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். அழுத்து. தமிழும் தமிழும் பேசி முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஓர் இந்திச் சொல் வந்து கதவைத் திறந்தது.

துழாவினேன். பயறு அளவுக்கு ஒரு பட்டன் விரலில் தட்டியது. அழுத்தினேன். டிக்.

அவ்வளவுதான். மெஷின் ஓடவில்லை. அப்புறம்தான் சுவர் சுவிட்சை நானே அணைத்து வைத்திருப்பது ஞாபகம் வந்தது. எழும்பிய வேகத்தில் தலை மெஷினில் இடித்தது. சுவிட்சைப் போட்டேன்.

டுக்.

எல்லோரும் காத்திருந்தோம். புஸ்ஸ்.

"மஞ்ச லைட்டுங்களா? மஞ்சதானுங்க முதல்ல வரும்," என்றாள் அந்தப் பெண். இப்போது அவளும் கத்தினாள். "பச்சை வர்றவரைக்கும் குழாய மாத்தாதீங்க. ஆக்சிஜன் சேரணும்."

அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்ததுபோல எந்தக் கப்பலையும் நான் பார்த்துக் காத்திருந்ததில்லை. முள் கடைசி முனையில் முட்டி நின்றது. சிலிண்டரின் சீறல் மெலிந்துகொண்டே வந்தது. ஈரம் சொட்ட தாதா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் போனை வைக்கவில்லை. திரையில் அந்தக் கண்ணாடி முகம் எங்களோடு சேர்ந்து மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சை வந்தது. குழாயை மாற்றினேன்.

நகத்துக்கு நிறம் திரும்புவதை அந்தப் பெண் போனிலேயே பார்த்தாள். அதற்குப் பிறகுதான், "அம்மா, 'தபா'ன்னு ஏதோ சொன்னீங்களே, என்னங்க அது?" என்று கேட்டாள்.

"அமத்துங்கன்னு சொன்னியே, அதான்," என்றாள் மனைவி.

"அமத்துங்கன்னா சொன்னேன்? அமுத்துங்கன்னுதானுங்க சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றேன் நான்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பெரிய இன்ஜினியரு. சுவிட்ச அமத்திப்போட்டுட்டு லைட் எரியலன்னு சண்டை." பேச மூச்சு இருந்தது அவளுக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்றிருந்தது.

இப்போது வீட்டில் இரண்டு சிலிண்டர். மூச்சுப்பெட்டி சுவரிலிருந்து தள்ளி, நான் செய்த மேஜையின் மேல் நிற்கிறது. தினமும் காலையில் பின்பக்கத் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துக் காற்று படுகிறதா என்று பார்க்கிறேன். நடுப்பகலிலும் பார்க்கிறேன். சத்தத்தை நம்புவதில்லை. கொல்லையில் எஞ்சினைக் கிளப்பினால் உள்ளே டுக், புஸ்ஸ் கேட்காமல் போகுமே என்று, எஞ்சின் வேலையை ஜெட்டியோடு முடித்துக்கொள்கிறேன்.

மருமகளுக்கு இன்னும் மாதம் இருக்கிறது. மனைவி அந்தக் கூட்டைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை மகன் போன் செய்யும்போதும், "அவ நல்லா இருக்காளா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிறாள்.

அதற்கும் நான் ஒரு வழி செய்தேன். மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு பக்கத்தை அடைத்து, மழை படாமல் இறவாரத்தின் கீழ் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், குளவிக்கு. இந்த மாதிரி ஒரு யோசனை இந்தத் தீவில் வேறு யாருக்கும் வந்திருக்காது.

இரண்டு நாளாக ஒரு குளவி வருகிறது. காலில் மண் உருண்டையோடு மூங்கிலைச் சுற்றுகிறது. பிறகு ஜன்னல் பக்கம் போகிறது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது எதற்குள் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளிருந்து மனைவி கேட்கிறாள், "மூங்கிலுக்குள்ள போயிட்டா?"

"இன்னும் இல்லட்டி," என்கிறேன்.